இடையழகும் எழுத்தழகும்

அறிவு சிறந்ததா, மெல்லிய உடல் சிறந்ததா என்று எவரை வினவினாலும் அறிவே சிறந்தது என்னும் விடையே வரும். அவ்விடை கூறிய அதே பெருமக்கள், தம் மகனுக்குப் பெண் பார்க்கப் புறப்படும் நாளில் வேறோர் அளவுகோலைக் கையிலெடுத்துச் செல்வதும் உண்டு. பெண் முதுகலைப் பட்டம் பெற்றவள் என்பதைக் கேட்டு மகிழ்வர். வீடு திரும்பும் வழியில் "பெண் சற்றுப் பருமன்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவர். சொல்லுக்கும் செயலுக்கும் இடையே உள்ள இம்முரண் நேற்றுத் தோன்றியதன்று. நம் இலக்கியம் நெடுங்காலமாக இதனைக் கண்டு, பல வகையாக விடை கூறியுள்ளது. அவ்விடைகள் யாவை, அவற்றுள் நாம் ஏற்கத்தக்கது எது என்பதை ஈண்டு ஆராய்வோம்.

ஏலாதி தரும் விடை

பதினெண்கீழ்க்கணக்கு நூல்களுள் ஏலாதியும் ஒன்று. ஏலம், இலவங்கம், சிறுநாவற்பூ, மிளகு, திப்பிலி, சுக்கு ஆகிய ஆறும் சேர்ந்த மருந்தின் பெயரையே அது தன் பெயராகக் கொண்டது. மருந்தைப் போலவே செய்யுள்தோறும் ஆறு பொருள்களை அடுக்கிக் கூறுவது அந்நூலின் முறை. அதன் ஆசிரியர் கணிமேதாவியார், ஒரு செய்யுளில், இடை, தோள், நடை, நாணம், கழுத்து எனப் பெண்ணுக்குரியனவாகப் புலவர் போற்றும் அழகுகளை வரிசையாக எடுத்துரைக்கின்றார். இவையெல்லாம் அழகல்ல என்று ஒதுக்கிவிட்டு, கணக்கும் எழுத்தும் கற்றதனால் வரும் அழகே அழகு என்று முடிக்கின்றார். நம் வினாவிற்கு இதனினும் நேரான விடை தமிழில் அரிது. நாலடியாரும் சிறுபஞ்சமூலமும் இக்கருத்தையே தத்தம் போக்கில் கூறுகின்றன எனினும், இடையழகை முதலில் நிறுத்தி அதனினும் கல்வியே மேல் என்று தீர்ப்பளித்தவர் கணிமேதாவியாரே.

இவர் அகப்பொருளின் சுவை அறியாத வறண்ட அறவுரையாளரும் அல்லர். திணைமாலை நூற்றைம்பது என்னும் அகநூலைப் பாடியவரும் இவரே. தலைவியின் நலத்தைப் பாடிய அதே கை, அந்நலத்தினும் எழுத்தழகு மேல் என்று எழுதியது. ஆதலின் இத்தீர்ப்புக்கு மிகுந்த மதிப்புண்டு.

ஆயினும் ஒன்றை நாம் மறத்தலாகாது. மருந்து இருக்குமாயின் நோயும் இருந்திருக்கும். எல்லாரும் அறிவையே மதித்து வாழ்ந்த நாட்டில், இடையழகு அழகன்று என்று ஒரு புலவர் எடுத்துச் சொல்ல வேண்டிய தேவை எழாது. ஏலாதிச் செய்யுள், தமிழர் அறிவை மதித்தனர் என்பதற்குச் சான்றாகும் அளவுக்கு, தமிழர் இடையை மிகுதியாக மதித்தனர் என்பதற்கும் சான்றாகும். நம் மேடைகளில் இத்தகைய செய்யுட்களை எடுத்துக்காட்டிப் பெருமை பேசுவோர் பின்னதைக் கூறாமல் விடுகின்றனர்.

வள்ளுவரின் இருவேறு இடங்கள்

இம்முரணைத் திருக்குறளிலும் காணலாம். கல்லாமை என்னும் அதிகாரத்தில், நுண்ணிய நூலறிவு இல்லாதவனின் எழில், மண்ணாற் செய்து அழகுபடுத்திய பொம்மையின் எழிலுக்கு ஒப்பாகும் என்கின்றார் வள்ளுவர். வினைத்திட்பம் பேசுமிடத்து, ஒருவருடைய உருவின் சிறுமை கண்டு இகழலாகாது என்பதற்குப் பெருந்தேரைத் தாங்கும் சிறிய அச்சாணியை உவமை காட்டுகின்றார். காமத்துப்பாலில் நலம்புனைந்துரைத்தல் என்னும் அதிகாரத்திற்கு வந்தால் அதே புலவர் வேறு குரலில் பேசுகின்றார். அனிச்ச மலரைக் காம்பு களையாமல் சூடிக்கொண்ட பெண்ணின் இடை அக்காம்பின் சுமையையும் தாங்காது ஒடிந்துபோம். அவ்விடைக்கு இனி நற்பறை ஒலியாது என்று தலைவன் கவல்கின்றான்.

இவ்விரண்டையும் முரண் என்று கொள்வதா? பொருட்பாலில் பேசுபவர் அறநூலாசிரியர். காமத்துப்பாலில் பேசுபவன் காதல் வயப்பட்ட ஒருவன். காதலன் கூற்று மிகையுரை என்பதை வள்ளுவரும் அறிவார், கற்போரும் அறிவர். பூக்காம்பின் சுமையால் ஒடியும் இடை உலகில் எங்கும் இல்லை. அது காதலின் மிகுதியை அளக்கும் சொல்லேயன்றிப் பெண்ணை அளக்கும் அளவுகோல் ஆகாது. காதலன் ஒருத்தியைக் கண்ட பின் கூறும் புகழுரையை, இன்றைய நாம் எந்தப் பெண்ணையும் காண்பதற்கு முன்பே விதிக்கும் நிபந்தனையாக மாற்றிவிட்டோம். நம்மவர் செய்த பெரும்பிழை இதுவே.

மணமகள் தேவை என்னும் விளம்பரங்களை ஞாயிற்றுக்கிழமை நாளிதழ்களில் காண்கின்றோம். மூன்று நான்கு வரிகளுக்குள் நிறம், உயரம், மெல்லுடல், கல்வி, வேலை என்பன அடுக்கப்படுகின்றன. இன்றைய நலம்புனைந்துரைத்தல் இதுவே எனலாம். வள்ளுவர் தலைவனின் கண்முன் ஒருத்தி இருந்தாள். விளம்பரத்தின் முன் ஒருத்தியும் இல்லை. கல்வியும் அங்கே கேட்கப்படுகின்றது என்பர் சிலர். உண்மையே. ஆனால் கல்வி குறைந்திருப்பின் "மேலே படிக்க வைக்கலாம்" என்று அமைதி கொள்வோர், உடல் பருத்திருப்பின் அவ்வாறு அமைதி கொள்வதில்லை. எது விட்டுக்கொடுக்கப்படுகின்றது, எது விட்டுக்கொடுக்கப்படுவதில்லை என்று நோக்கினால் எது மிகுதியாக மதிக்கப்படுகின்றது என்பது விளங்கிவிடும்.

மெலிவு அழகாகுமோ?

நுண்ணிடை தமிழ்ப் புலவரால் போற்றப்பட்டது என்பதைக் கொண்டு, மெலிந்த உடலே தமிழர் கண்ட பேரழகு என்று முடிவு செய்வாரும் உளர். சங்கப் பாடல்களைக் கற்றோர் இதனை ஏற்கார். அங்கே இடை நுண்ணியது; தோளோ மூங்கிலைப் போலத் திரண்டது. அத்தோள் மெலியுமாயின் அது துயரத்தின் அடையாளம். பொருள்வயிற் பிரிந்த தலைவனை நினைந்து தலைவி வாடும்போதுதான் தோள் மெலிகின்றது, வளை கழல்கின்றது, நெற்றியிற் பசலை படர்கின்றது. உறுப்புநலன் அழிதல் என்று ஓர் அதிகாரமே வகுத்தார் வள்ளுவர். மெலிவை அவர் எண்ணிய இடம் நலத்தின் அழிவில்; நலத்தில் அன்று.

புறப்பாடல்களில் மெலிவு பசியின் அடையாளம். பெருந்தலைச் சாத்தனார் குமணனைப் பாடிய புறநானூற்றுப் பாடலொன்றில் (164), சமைத்தலை மறந்த அடுப்பில் காளான் பூத்திருக்கின்றது. பால் வற்றிய மார்பைச் சுவைத்துக் குழந்தை அழுகின்றது. அக்குழந்தையின் முகத்தைத் தாய் நோக்க, தாயின் முகத்தைப் புலவர் நோக்குகின்றார். அறிவுக்குக் குறைவில்லாத இல்லம் அது, உணவுக்கே குறை. அவ்வீட்டுப் பெண்ணின் மெலிந்த உடலைக் கண்டு கொடியிடை என்று பாடுவதற்கு எப்புலவருக்கும் நா எழாது.

நம் மொழியும் இதற்குச் சான்று பகர்கின்றது. வலியாருக்கு எதிர்ச்சொல் மெலியார். இளைத்தவன் என்றால் ஒல்லியானவன் என்பதோடு எளியவன், ஏமாற்றப்படத்தக்கவன் என்றும் பொருள். ஊருக்குச் செல்லும் மகனை வாசலிலேயே நிறுத்தி "இளைத்துப் போய்விட்டாயே" என்று தாய் வருந்துவது வழக்கம். மகனின் மெலிவுக்கு வருந்தும் அதே தாய் மகளிடம் "கொஞ்சம் இளைக்கக் கூடாதா" என்று கேட்கின்றாள். ஒரே வீட்டில், ஒரே சொல், ஒருவனுக்குத் துயரமாகவும் ஒருத்திக்குக் கடமையாகவும் ஆகிவிட்டது.

உருவை விலையாகக் கொடுத்த மூவர்

அறிவால் உயர்ந்த பெண்களை நம் இலக்கியம் எவ்வாறு போற்றியது என்று நோக்கினால், மேலும் ஆழமான ஓர் உண்மை புலப்படும்.

சங்க காலத்துப் பெண்பாற் புலவர் முப்பதுக்கும் மேற்பட்டோர். அவருள் ஔவையார் அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்றவர். நெடுநாள் வாழச் செய்யும் அரிய நெல்லிக்கனியைத் தான் உண்ணாது அவருக்கு ஈந்தான் அதியமான். காக்கைபாடினியார் நச்செள்ளையார் பதிற்றுப்பத்தின் ஆறாம் பத்தைப் பாடி, ஆடுகோட்பாட்டுச் சேரலாதனிடம் பொன்னும் அவையில் அருகிருக்கும் சிறப்பும் பெற்றார் என்று அப்பத்தின் பதிகம் கூறுகின்றது. இவர்களை மதித்த மன்னர்கள் இவர்களுடைய உடல் மெலிந்ததா, பருத்ததா என்று கருதியதாகச் செய்தி இல்லை.

பிற்காலத்தில் நிலைமை மாறிற்று. ஔவையாரைப் பற்றி மக்களிடையே வழங்கும் கதையில், அவர் இளமையும் அழகும் உடைய பெண்ணாக இருக்கின்றார். மணத்தைத் தவிர்க்க விநாயகரை வேண்டி முதுமையைப் பெறுகின்றார். சங்கத்து ஔவையார்க்குத் தேவைப்படாத முதுமை, கதையின் ஔவையார்க்குத் தேவைப்பட்டது. அழகிய இளம்பெண் ஒருத்தி ஊர் ஊராகச் சென்று அறிவுரை கூறினாள் என்பதை அக்கதையைப் படைத்த சமுதாயத்தால் எண்ணிப் பார்க்க இயலவில்லை போலும்.

காரைக்கால் அம்மையார் வரலாறும் இத்தகையதே. கணவனால் கைவிடப்பட்ட புனிதவதியார், அவன்பொருட்டுத் தாங்கிய தசைப்பொதியைக் கழித்துப் பேயுருவை வேண்டிப் பெற்றார் என்று சேக்கிழார் பாடுகின்றார். அற்புதத் திருவந்தாதி முதலிய நூல்களின் ஆசிரியராக நாம் வணங்குவது அவ்வெலும்புருவையே. சோழர் காலச் செப்புத் திருமேனிகளில் அவர் என்பு தோன்ற, கையில் தாளத்துடன் அமர்ந்திருக்கின்றார். தமிழ்க் கலையில் மிக மெலிந்த பெண்ணுருவங்களுள் அது ஒன்று. அதனை எவரும் கொடியிடை என்று பாராட்டியதில்லை. அழகை நீத்தவர் என்றே போற்றினர்.

மணிமேகலையின் நிலையோ இன்னும் தெளிவானது. அவளுடைய அழகைக் கண்டு இளவரசன் உதயகுமரன் பின்தொடர்கின்றான். மணிமேகலா தெய்வம் அவளுக்கு மூன்று மந்திரங்களை அருள்கின்றது: வேற்றுரு எய்தல், வான்வழிச் செல்லல், பசி நீங்கல். வஞ்சி மாநகரில் சமயக் கணக்கர்களிடம் தத்துவம் கேட்கச் செல்லும்போது அவள் தன் உருவை மறைத்து ஒரு மாதவனின் வடிவம் கொள்கின்றாள். இளம்பெண்ணாகச் சென்றால் எவரும் அவளிடம் பொருளை உள்ளவாறு உரைக்கமாட்டார் என்பதே காரணம். அறிவைப் பெறுவதற்கே பெண் தன் உருவை மறைக்க வேண்டியிருந்தது என்பதைச் சாத்தனார் ஒளிவின்றிக் காட்டிவிட்டார்.

ஆண்மக்களுக்கு இவ்விலை கேட்கப்பட்டதா? அகத்தியரைக் குறுமுனி என்பர்; அக்குறுமை அவர் பெருமையை மிகுவித்ததேயன்றிக் குறைக்கவில்லை. இரட்டைப் புலவருள் ஒருவர் முடவர், மற்றவர் குருடர். அவர்களுடைய புலமையோடு அக்குறையும் சேர்த்தே விரும்பிப் பேசப்படுகின்றது. கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்னும் பழமொழி ஆண்களுக்கே பெரும்பாலும் கூறப்படுவதைக் காண்கின்றோம். ஆணின் உருவக் குறையை அறிவு நிறைத்துவிடும். பெண்ணோ அறிவைப் பெற உருவையே கொடுத்தாக வேண்டும். ஆகவே, அறிவா மெல்லுடலா என்னும் வினாவே பெண்ணின் முன் மட்டும் வைக்கப்படும் வினாவாகும். ஒன்றைக் கொண்டால் மற்றொன்றை இழக்க வேண்டும் என்று வகுத்தது இயற்கை அன்று, நாமே.

திரையில் பிரிந்த குரலும் உடலும்

இக்காலத்தில் இலக்கியத்தினும் மிகுதியாக நம் இல்லங்களை ஆள்வது திரைப்படம். 1953இல் ஜெமினி நிறுவனம் வெளியிட்ட ஔவையார் படத்தில் கே. பி. சுந்தராம்பாள் நடித்தார். அவர் மெல்லிடையார் அல்லர். சொல்லும் பாட்டும் உடலும் ஒருவருக்கே உரியனவாக அமைந்த அந்நடிப்பைத் தமிழுலகம் தலைமேற் கொண்டது. எனினும் அது முதியவளின் வேடமே என்பதையும் கருதுதல் வேண்டும்.

1990களுக்குப் பின்னர் நாம் வாழும் இம்மும்பையிலிருந்து மெல்லுடல் வாய்ந்த நாயகியர் பலர் சென்னைக்கு அழைக்கப்பட்டனர். சிம்ரன் முதலியோர் நடித்த படங்கள் பலவற்றில் தமிழ் உரையாடலைப் பேசியவர் திரைக்குப் பின்னிருந்த வேறு பெண்கள். நடிகையரின் திறமையை நாம் குறை கூறவில்லை. தமிழறிந்த குரல் ஒருத்தியிடமும், விரும்பப்படும் உடல் மற்றொருத்தியிடமும் இருப்பதாக எண்ணிய படத்துறை, குரலுக்குரியவளை மறைத்து உடலுக்குரியவளைக் காட்டியது என்பதையே சுட்டுகின்றோம். சொல்லறிந்தவள் மறைந்திருக்க வேண்டும் என்னும் பழைய வழக்கு இங்கே புதிய கருவியோடு தொடர்கின்றது. பருத்த பெண் நகைச்சுவைக்கு மட்டும் அழைக்கப்பட்டாள். மெலிந்த ஆணையும் ஓமக்குச்சி என்று திரை நகைத்ததுண்டு. ஆனால் நாயகன் பருத்திருந்தால் படம் நின்றுவிடவில்லை.

கோவண்டியில் எடுக்கப்படும் கணக்கு

இனி நம் அண்டை அயலை நோக்குவோம். கோவண்டி நிலையச் சாலையில் பன்னாட்டு மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் உள்ளது. 1956இல் தோன்றிய அந்நிறுவனமே தேசியக் குடும்பநல ஆய்வை ஒருங்கிணைத்து நடத்துகின்றது. ஒருவருடைய எடையைக் கிலோகிராமிற் கொண்டு, மீட்டரில் அளந்த உயரத்தின் இருமடிப் பெருக்கத்தால் வகுத்து வரும் எண் 18.5க்குக் குறைந்தால் மெலிந்தவர் என்றும், 25உம் அதற்கு மேலும் ஆனால் மிகை எடையினர் என்றும் அவ்வாய்வு வகுக்கின்றது. 2005-06இல் இந்தியப் பெண்களுள் 15 முதல் 49 வயது வரையினரில் நூற்றுக்கு 35.5 பேர் மெலிந்தவர்; 12.6 பேர் மிகை எடையினர். 2019-21இல் மெலிந்தவர் 18.7, மிகை எடையினர் 24.0. அதே காலத்தில் தமிழ்நாட்டில் மெலிந்தவர் 12.6, மிகை எடையினர் 40.4. இரத்தச்சோகை உடைய பெண்கள் நாடு முழுவதும் நூற்றுக்கு 57 பேர்.

இவ்வெண்களுள் மெலிவு ஒரு சிறப்பாக எண்ணப்படவில்லை, நலக்குறைவாகவே எண்ணப்பட்டுள்ளது. அந்நிறுவனம் அமைந்துள்ள எம்-கிழக்கு வார்டே, மும்பை மாநகராட்சியின் 2009ஆம் ஆண்டு மனித வளர்ச்சி அறிக்கையில் கடைசி இடம் பெற்றது. அங்குள்ள குடிசைப் பகுதிகளில் காணும் மெலிவு பெருந்தலைச் சாத்தனார் கண்ட மெலிவு. அதே இரயில் பாதையின் மறுபுறத்து அடுக்ககங்களில், திருமணம் பேசி முடியும் வரை இரவுணவை விட்டுவிடும் பட்டதாரிப் பெண்களும் இருக்கின்றனர். ஒருத்தி உணவில்லாமல் மெலிகின்றாள். மற்றொருத்தி உணவிருந்தும் மெலிகின்றாள். இரத்தச்சோகை இருவரையும் வேறுபாடின்றிப் பற்றுகின்றது.

மிகை எடை நீரிழிவு முதலிய நோய்களுக்கு வழிவகுக்குமே, ஆகவே மெல்லுடல் வேண்டுவது நலம் கருதியன்றோ என்று வினவுவார் உளர். நலம் கருதியே கேட்பாராயின், மணமகனின் இடுப்பளவையும் கேட்டிருப்பர். மணமகளின் இரத்தத்தில் இரும்புச்சத்து உண்டா என்றும் கேட்டிருப்பர். இரண்டும் கேட்கப்படுவதில்லை. மருத்துவரின் தராசு வேறு, பெண் பார்ப்போரின் தராசு வேறு. முன்னதற்கு நாம் தலைவணங்குவோம்.

நாம் செய்யத்தக்கது

ஊர் விட்டு வந்த நம் முன்னோர், மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியிலேனும் தம் மகளிரைச் சேர்த்துவிட வேண்டும் என்று முயன்றனர். நான்காம் வகுப்போடு நின்ற தாயின் மகள் இன்று பட்டம் பெற்று அலுவலகம் செல்கின்றாள். இத்தலைமுறையில் நாம் ஈட்டிய பெருஞ்செல்வம் இதுவே. அச்செல்வத்தை ஈட்டித் தந்தவளை எடை பார்த்து விலை குறைப்பது, ஈட்டியதை நாமே இழப்பதாகும்.

ஏலாதியின் செய்யுளுக்கு மீண்டும் வருவோம். ஔவையார் கதையும் அம்மையார் வரலாறும் மணிமேகலைக் காப்பியமும் பெண்ணின் அறிவைப் போற்றின. அதற்கு ஈடாக அவளுடைய உருவைக் கேட்டன. கணிமேதாவியார் எதனையும் ஈடாகக் கேட்கவில்லை. இடையை ஒடுக்கு என்றோ, உருவை மறை என்றோ, முதுமையை வேண்டு என்றோ அவர் கூறவில்லை. கணக்கும் எழுத்தும் கற்றவள், அவள் உடல் எவ்வாறிருப்பினும், அழகுடையவளே என்பது அவர் தீர்ப்பின் பொருள். நம் வினாவிற்கு நாம் ஏற்கத்தக்க விடை இதுவே.

இவ்விடையை மேடையில் பேசிவிட்டு அமைதல் போதாது. திருமணப் பேச்சுக்கென எழுதும் குறிப்புத்தாளில் எடை என்னும் வரியை நம் குடும்பங்கள் நீக்கிவிடலாம். பெண் பார்க்கச் செல்லும்போது அவள் கற்ற நூல் யாது, செய்யும் பணி யாது என்று முதலில் கேட்கலாம். அவ்வினாக்களையே மணமகனிடமும் கேட்கலாம். ஒரு நேர உணவை விட்டுவிட்டு மேசைமுன் அமர்ந்திருக்கும் மகளிடம் முதலில் உண்ணச் சொல்லலாம். சங்க காலத்து மன்னன் ஒருவன் தன் அவைப் புலவர் நெடிது வாழ நெல்லிக்கனியைக் கொடுத்தான். நம் இல்லத்துப் பெண்ணுக்கு வயிறார உணவிட்டு அவ்வாறே வாழவைத்தல் நமக்கும் இயல்வதே.